நரம்பு டெஸ்டும் 25ஆம் நாளும்

அன்புள்ள சேகர்,

நேற்று ராத்திரி உன் மெயிலைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. உன் அக்கா மகன் பைக்கிலிருந்து விழுந்து 4 நாள்தான் ஆகிறது, தோளிலிருந்து கை அப்படியே தொங்குகிறது, நாளைக்கு நரம்பு டெஸ்ட் என்று எழுதியிருக்கிறாய். எடுங்கள், ஆனால் அந்த ரிப்போர்ட்டை வைத்து அழவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம்.

போன வருடம் மாடிப்படியில் விழுந்து எனக்கு மேல்கை எலும்பு முறிந்தது உனக்குத் தெரியும், அதை ஒட்டிச் சுற்றிப்போகிற ரேடியல் நரம்பும் சேர்ந்து அடிபட்டதை அப்போது விவரமாகச் சொல்லவில்லை. மணிக்கட்டு தொங்கிவிட்டது. டம்ளரைப் பிடித்தால் விடுவதற்கு விரல் விரியாது, இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுப்பேன். 5ஆம் நாள் டெஸ்ட். முறிவுக்குக் கீழே கரண்ட் வைத்ததும் தசை நன்றாகத் துடித்தது, "நரம்புக்கு ஒன்றுமில்லை, 2 மாதத்தில் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள், வீட்டில் பாயசம் வைத்தார்கள். 4ஆம் வாரம் வேறொரு டாக்டர் மறுபடி எடுத்தார். அதே இடம், அதே கரண்ட், தசை அசையவே இல்லை.

நான் உடைந்துபோய் உட்கார்ந்திருந்தேன், அவர்தான் விளக்கினார். வெட்டிய முருங்கைக் கிளையில் இலை சில நாள் பச்சையாகவே இருக்கும் இல்லையா, அறுந்த நரம்பிழையின் கீழ்ப்பாதியும் அப்படித்தான். தசைக்குப் போகும் இழைகள் ஒரு வாரம் வரை, உணர்ச்சிக்கான இழைகள் 10, 11 நாள் வரை கரண்டைக் கடத்தும், அப்புறம்தான் சிதையும். 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்துச் சொன்ன விஷயம் இது. அதனால் முதல் வாரத்தில், நசுங்கி மரத்துப்போன நரம்பும் அடியோடு அறுந்த நரம்பும் டெஸ்டில் ஒரே மாதிரி தெரியும்.

அன்றைக்கே முன்கையில் ஊசி குத்தி, தசைக்குள் ஓடும் மின்சாரத்தைக் காட்டுகிற இஎம்ஜி டெஸ்டும் பார்த்தார். நான் கையை அசைக்காமல்தான் வைத்திருந்தேன், ஆனாலும் மெஷினின் ஸ்பீக்கரில் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சத்தம். நரம்பை இழந்த தசை தானாகத் துடிக்கிற சத்தமாம் அது, தெளிவாகக் கேட்க 3, 4 வாரம் ஆகும். இழைகள் போய்விட்டன என்பது உறுதியானது, ஆனால் அவற்றைச் சுற்றியிருக்கும் உறை முழுசாக இருக்கிறதா, நரம்பே இரண்டாகிவிட்டதா என்பதை அந்த டெஸ்ட் சொல்லாது. அல்ட்ராசவுண்டில் நரம்பு தொடர்ச்சியாகத் தெரிந்ததால் காத்திருக்கச் சொன்னார். நரம்பிழை ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் போல வளரும், முறிவிலிருந்து அது போய்ச் சேர வேண்டிய முதல் தசைக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், 100 நாளைக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்குதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

15ஆம் வாரம் மறுபடி ஊசி. முழங்கைக்குக் கீழே இருக்கிற அந்த முதல் தசை வெளியே பார்த்தால் துளிகூட அசையவில்லை, முயற்சி செய்யச் சொன்னார், ஸ்பீக்கரில் சின்னதாக, பிசிறு பிசிறாக நாலைந்து சத்தம். "கேட்டதா? வந்துவிட்டது" என்றார். கண்ணுக்குத் தெரிகிற அசைவுக்கு அதற்கப்புறமும் சில வாரம் ஆனது, சேகர். இப்போது மணிக்கட்டு தூக்குகிறேன், ஆள்காட்டி விரல்தான் கடைசியாக வந்தது.

பையன் விஷயம் என்னுடையதைவிடச் சிக்கல், தோள் பக்கம் நரம்புகள் பின்னலாக இருக்கிற இடம். 3, 4 வாரம் கழித்து கட்டாயம் மறுபடி எடுக்கச் சொல். அப்போது கை மரத்திருந்தும் உணர்ச்சி நரம்பு டெஸ்ட் நார்மல் என்று வந்தால், நல்லது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள், முதுகுத் தண்டுவடத்திலிருந்தே நரம்பின் வேர் பிய்ந்து வந்திருக்கலாம், அது தானாகச் சேராது. நரம்பு இல்லாத தசை ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் தாங்காது, அதனால் ஆபரேஷன் என்றால் முதல் 6 மாதத்துக்குள் முடிவு செய்வார்கள். நரம்பு ஆபரேஷன் செய்கிற டாக்டரை இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிசியோவை ஒரு நாள்கூட விட வேண்டாம், நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகியிருக்கக் கூடாது.

அக்காவிடம் நான் பேசட்டுமா? விழுந்த தேதியிலிருந்து எண்ணி, 25ஆம் நாள் என்றைக்கு வருகிறது என்று எழுது, நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

உன்,
ரவி