பட்டியலை வெளியிடுங்கள்: ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குச் சேலத்திலிருந்து திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் நூலகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்கள் நூலகத்தின் உள்ளூர் வரலாற்று ஆவணப் பிரிவின் வாசலில் அண்மையில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைப் படித்த பிறகே இந்த மடலை எழுதுகிறோம். ஆவணம் கேட்டு வருவோர் இனிமேல் கோரிக்கைப் படிவத்தில், அது நூலகத்துக்கு வந்தபோது இடப்பட்ட சேர்க்கை எண்ணைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்றும், எண் இல்லாத படிவங்கள் ஏற்கப்படமாட்டா என்றும் அதில் கண்டிருக்கிறது. ஒழுங்கு வேண்டியதுதான், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்கள் எழுதப்பட்டுள்ள சேர்க்கைப் பதிவேடு ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்று சொல்லி உள்ளறைப் பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டிருக்கிறது. பதிவேட்டைப் பார்க்காமல் எண் தெரியாது. எண் தெரியாமல் ஆவணம் கிடைக்காது. சுற்றறிக்கையில் கையொப்பமிட்டவர் அந்தப் படிவத்தைத் தாமே ஒருமுறை நிரப்பிப் பார்த்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

எனவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். உங்களிடமுள்ள உள்ளூர் வரலாற்றுச் சேகரத்தின் பட்டியலை வெளியிடுங்கள்.

அந்தச் சேகரம் உங்களிடம் வந்து சேர்ந்த கதையை உங்களுக்கே நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை. எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. சேலத்தின் குகை, அம்மாபேட்டைப் பகுதிகளில் தறி வைத்திருந்த குடும்பங்களின் கணக்கேடுகள், செவ்வாய்ப்பேட்டை மண்டிகளின் பேரேடுகள், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் ஆட்களின் வருகையையும் கூலியையும் குறித்துவந்த செக்ரோல் புத்தகங்கள், மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் நோட்டீசுகள், பழைய கல்யாணப் பத்திரிகைகள் என்று வீட்டுப் பரணிலும் மரப்பெட்டியிலும் கிடந்தவற்றைத் திரட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள். யாரும் ஒரு பைசா வாங்கவில்லை. ‘ஆய்வாளர்களும் பொதுமக்களும் பயன்படுத்தும் வகையில் பாதுகாக்கப்படும்’ என்று நீங்கள் எழுதித் தந்த ரசீது மட்டும் எங்கள் பலரிடம் இருக்கிறது. அதில் பொதுமக்கள் என்ற சொல்லை இப்போது எடுத்துவிட்டீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

சுற்றறிக்கை ஒட்டப்பட்ட சில நாட்களில் எங்களில் ஒருவர் கண்ணெதிரே நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறோம். சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து, அறுபதைக் கடந்த அம்மா ஒருவர், இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, அங்கிருந்து இன்னும் பேருந்து மாறி உங்கள் நூலகத்துக்கு வந்திருந்தார். வீட்டுமனைப் பட்டா கேட்டு மனுப் போட்டிருக்கிறார். குடும்பம் எத்தனை காலமாக மலையில் இருக்கிறது என்பதற்கு ஏதாவது காகிதம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அவருடைய தாயார் ஆயுள் முழுவதும் ஒரே தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்தவர். அந்தத் தோட்டத்தின் செக்ரோல் புத்தகங்கள் உங்கள் நூலகத்தில் இருப்பதாக யாரோ சொல்லி, அதை நம்பி வந்திருக்கிறார்.

அவை உங்களிடம் இருப்பது உண்மை. துணியில் சுற்றி உங்கள் ஊழியரிடம் ஒப்படைத்த அன்று நாங்கள் அவற்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே மேஸ்திரியின் பெயர், அதன்கீழே அவர் கூட்டிவந்த ஆட்களின் பெயர்கள். பெண்கள் என்றால் பக்கத்தில் ‘இன்னார் சம்சாரம்’ என்ற குறிப்பு. வலப்பக்கம் தேதிக் கட்டங்களில் முழுநாள் கூலிக்குப் பெருக்கல் குறி, அரைநாளுக்கு ஒற்றைச் சாய்கோடு. மாதக் கடைசியில் பிடித்தம் போகக் கையில் கொடுத்தது இவ்வளவு என்று பென்சிலில் ஒரு தொகை. கிழிந்த சில பக்கங்களில் யாரோ முன்பே செலோடேப் ஒட்டியிருந்ததால் பசை பழுப்பேறி, அதனடியிலிருந்த பெயர்கள் மங்கத் தொடங்கியிருந்தன. சொந்தக் கையால் தன் பெயரை எழுதி அறியாத அந்தப் பெண்களின் பெயர்கள் எழுத்தில் நிற்பது, நாங்கள் அறிந்தவரை, அந்தக் காகிதத்தில்தான்.

“எஸ்டேட் பேரு தெரியும், மேஸ்திரி பேரு தெரியும், எங்கம்மா பேரு தெரியும். அது போதாதுங்களா?” என்று அந்த அம்மா கேட்டார். “நம்பர் போடாம ஃபாரம் வாங்கக்கூடாதுன்னு உத்தரவும்மா” என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார் ஊழியர். ஒப்பந்தத்தில் பணிபுரியும் அவரை நாங்கள் குறைசொல்ல மாட்டோம். அவரிடமும் பட்டியல் இல்லை. அந்த அம்மா மறுபேச்சில்லாமல் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பேருந்துக்குப் புறப்பட்டுவிட்டார். அவர் தேடிவந்த புத்தகம் அதே கட்டடத்தில் ஏதோ ஓர் அலமாரியில்தான் இருந்தது.

பட்டியல் கேட்டால் ஒவ்வொரு முறையும் எங்களுக்குக் கிடைக்கும் பதில், எண்ணிமமாக்கல் (டிஜிட்டல் மயமாக்கல்) திட்டம் பரிசீலனையில் உள்ளது என்பது. அதற்கு நிதி வேண்டும், ஸ்கேனர் வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். அதை நாங்கள் கேட்கவே இல்லை. ஒரு கட்டுக்கு மூன்று வரி போதும்: யார் கொடுத்தது, என்ன வகைக் காகிதம், எந்தக் காலத்தது. இவை உங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்கனவே உள்ளவைதானே? கடன் விவரமோ குடும்ப வழக்கோ இருக்கும் கட்டுகளைப் பார்க்கக் கட்டுப்பாடு வேண்டுமென்றால், பட்டியலிலேயே அப்படிக் குறித்துவிடலாம். பட்டியல் வெளியே போனால் திருட்டுப் போகும் என்று உங்கள் அலுவலர் ஒருவர் அச்சப்பட்டார். உண்மை அதற்கு நேர்மாறானது. பட்டியல் வெளியே இல்லாத சேகரத்தில் ஒரு பொருள் காணாமல் போனால், அது காணாமல் போனது என்பதே யாருக்கும் தெரியவராது.

இன்னொரு வேண்டுகோளும் இதற்குள்ளேயே அடங்கியது. பட்டியலிடும்போது ஒரு குடும்பம் கொடுத்த கட்டை ஒரே கட்டாக வைத்துப் பட்டியலிடுங்கள். குகையிலிருந்து வந்த ஒரு நெசவுக் குடும்பத்தின் கட்டில் பாவுக் கணக்கு, சாய ரசீது, கல்யாணப் பத்திரிகை, அயலூர்க் கடிதங்கள் எல்லாம் சேர்ந்திருந்தன. எந்தக் கல்யாணத்துக்காக எவரிடம் கடன் வாங்கி, அதை எத்தனை சேலை நெய்து அடைத்தார்கள் என்பது இவையெல்லாம் சேர்ந்திருந்தால்தான் விளங்கும். கணக்கேட்டை வணிகவியலிலும் பத்திரிகையை நாட்டுப்புறவியலிலும் பிரித்து அடுக்கிவிட்டால், காகிதங்கள் மிஞ்சும். அந்தக் குடும்பத்தின் கதை போய்விடும்.

நாங்கள் சொல்வது ஊர்ப் பெருமை அல்ல என்பதையும் தெரிவிக்க வேண்டும். திப்புவிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்த 1792 முதல் இந்தச் சீமையைப் பற்றி ஆட்சியாளர்கள் எழுதி வைத்தவை ஏராளம். அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் தொடங்கி, 1883இல் லெ ஃபானுவின் மாவட்டக் கையேடு, 1918இல் ரிச்சர்ட்ஸின் கெசட்டியர் வரை நிலவரி, பயிர், சாதி, காய்ச்சல் எல்லாம் அச்சில் இருக்கின்றன. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டதற்கும் அரசின் தரப்பு எழுத்தில் உண்டு. வரி கட்டியவர், நெய்தவர், பழம் பறித்தவர், சிறைக்குப் போனவர் வீட்டிலிருந்து வந்த காகிதங்கள்தான் அரிது. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் பிரிவதற்கு முன் எல்லாம் ஒரே மாவட்டம் என்பதால், அந்த மாவட்டத்துக்காரர்களும் இந்தச் சேகரத்தைத் தேடித்தான் வரவேண்டியிருக்கிறது.

சேலத்தில் ஊழியம் செய்த லண்டன் மிஷனரி சங்கத்தாரின் பழைய கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றின் பட்டியலைக் குகையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் தேடிப் பார்க்கலாம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த நூல்களிலிருந்து 1994இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலும் அப்படித்தான். குகைக்காரர் கொடுத்த கணக்கேட்டின் எண்ணை அறியத்தான் குகைக்காரருக்கு வழியில்லை. ஆனால் தரமதிப்பீட்டுக் குழு வந்த சமயத்தில் மட்டும் அந்தக் கணக்கேடுகளுக்கு யோகம் அடித்தது. கண்ணாடிப் பெட்டி, வெல்வெட் விரிப்பு, நேர்மேலே இரவு பகலாக எரிந்த குழல்விளக்கு, ‘நமது மண்ணின் வேர்கள்’ என்ற பதாகை எல்லாம் கிடைத்தன. குழுவினர் ஊர் போய்ச் சேர்வதற்குள் வேர்கள் மறுபடி பீரோவுக்குப் போய்விட்டன. உள்ளூர் வரலாறு குறித்து நீங்கள் நடத்தும் கருத்தரங்குகளுக்கும் குறைவில்லை. பொன்னாடைக்கும் மதிய விருந்துக்கும் ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு, அந்தப் பதிவேட்டைத் தட்டச்சு செய்யப் போதுமானது.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டோமென்றால் பொறுத்தருள வேண்டும். பொது அதிகார அமைப்புகள் தம் ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தன் 4ஆம் பிரிவிலேயே சொல்கிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போட எங்களுக்கும் தெரியும். கொடுத்தவர்களுக்கும் வாங்கி வைத்தவர்களுக்கும் இடையில் அது எதற்கு என்றுதான் மடலாக எழுதுகிறோம்.

அருள்கூர்ந்து அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, உள்ளூர் வரலாற்றுச் சேகரத்தின் பட்டியலை வெளியிட முடிவெடுங்கள். ஆள் பற்றாக்குறை என்றால், எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சனிக்கிழமைகளில் உங்கள் ஊழியர் முன்னிலையில் உட்கார்ந்து பதிவேட்டைத் தட்டச்சு செய்து தர ஆயத்தமாக இருக்கிறார்கள். ஊதியம் வேண்டாம். பட்டியல் வெளிவரும்வரை அந்தச் சுற்றறிக்கையை நிறுத்தி வையுங்கள். எண் இல்லாத படிவங்களையும் பெற்றுக்கொண்டு, எண்ணை அலுவலகமே நிரப்பிக்கொள்ளும்படி ஊழியருக்கு எழுத்தில் ஒரு வரி கொடுங்கள். உங்கள் பதிலும் எழுத்திலேயே கிடைத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
சேகரத்துக்கு ஆவணங்கள் அளித்த குடும்பத்தார்,
சேலம்.