‘ஒருமனதாக’ என்று எழுதுமுன் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊராட்சிகளின் ஆய்வாளர் தாங்கள் என்பதால் இந்த மடல் தங்களுக்கு.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் என்ன நடந்தது என்பது பற்றாளரின், அதாவது கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அலுவலரின், அறிக்கையாகத் தங்கள் மேசைக்கு வந்திருக்கும். எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கலாமா, கூடாதா என்று இரண்டரை மணி நேரம் வாக்குவாதம். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்றது ஒரு பக்கம். சாக்கடையும் தெருவிளக்கும் வேறு எப்படித்தான் வரும் என்றது மறுபக்கம். இரண்டிலும் நியாயம் உண்டு. கடைசியில் பதிவேட்டில் ஏறியது என்னவோ, “இணைப்புக்கு ஒருமனதாக ஒப்புதல் அளிக்கப்பட்டது” என்ற ஒற்றை வரி. நாற்காலி பறக்காத குறையாக நடந்த கூட்டத்தில் அந்த ஒரு மனது யாருடையது?

கோரிக்கை சின்னது. தீர்மானத்தை எழுதி, கூட்டத்திலேயே உரக்க வாசித்த பிறகு கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.

இப்போது நடப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பந்தல் வாசலில் ஒரு மேசை, அதன்மேல் தீர்மானப் பதிவேடு. முதல் ஏழெட்டுப் பக்கத்தை வெறுமனே விட்டுவிட்டு, அதற்கப்புறம் கோடு போட்டு வரிசை எண் எழுதி வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டி தயாராக இருக்கும். விட்ட பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று கேட்டால், “அத அப்புறம் எழுதிக்கலாம், நீங்க முதல்ல போடுங்க” என்பார் ஊராட்சிச் செயலர். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் அதையும் கேட்பதில்லை. போடாமல் போனால் அடுத்த வாரம் வேலை கிடைக்காதோ என்ற பயம் அவர்களுக்கு. கூட்டம் கலைந்து இரண்டு நாள் கழித்து, சுற்றறிக்கையில் வந்த பொருள்களை அலுவலகத்தில் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்து எழுதி, ஒவ்வொன்றின் அடியிலும் ‘ஒருமனதாக’ சேர்ப்பார்கள். பதிவேட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். கையெழுத்துகள் பல பேனாவில், பல நிறத்தில் இருக்கும். தீர்மானங்கள் மட்டும் ஒரே பேனா, ஒரே கை. கடைசித் தீர்மானம் இடம் போதாமல் முதல் கையெழுத்தின் தலைமேல் இடுக்கி இடுக்கி எழுதப்பட்டிருக்கும்.

செயலரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கோரக் கணக்குதான், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதிதான், அவரை இப்படிச் செய்யவைக்கிறது. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை சேராவிட்டால் கூட்டத்தை இன்னொரு நாள் திரும்ப நடத்தியாக வேண்டும். ஆகவே வருகைக் கையெழுத்தை முதலில் பிடித்துவிடுகிறார்கள். வருகைக்கும் ஒப்புதலுக்கும் ஒரே நோட்டு என்பதால், வந்தேன் என்று போட்ட கையெழுத்து சம்மதித்தேன் என்று ஆகிவிடுகிறது. இரண்டு நோட்டு வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை. இன்னொரு நோட்டு வாங்கவுமா நிதி இல்லை?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தான் கையெழுத்திட்ட தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வாக்காளர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய் கட்டணம் செலுத்தி, 30 நாள் காத்திருந்து, நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கட்சிச் சண்டையால்தான் கூட்டம் ஒழுங்காக நடப்பதில்லை என்று தங்கள் அலுவலர்கள் சொல்வார்கள். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியத்திலும் மாவட்டத்திலும்தான் உண்டு. சின்னம் இல்லையே தவிர, பந்தலுக்குள் யார் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதில் தப்பில்லை. கருத்து வேறுபாடு இருப்பதால்தானே சபை கூடுகிறது? சொன்னது ஏட்டில் ஏறாது என்று தெரிந்தவர்கள்தான் தொண்டையை உயர்த்துகிறார்கள். ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை என்று எண்ணி எழுதிப் பாருங்கள், பாதிச் சத்தம் தானாக அடங்கும். இடமும் ஒரு காரணம். மதச் சார்புள்ள வளாகத்தில் கூட்டம் கூடாது என்று சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் கோயில் மண்டபத்தில்தான் பாய் விரிக்கிறார்கள். காலனித் தெருக்காரர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களும் ‘ஒருமனதில்’ சேர்த்தி.

தேர்தலைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஆனாலும் விட முடியவில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தலைவர்களே இல்லாத மாநிலம் இது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்து, தலைவர்களுக்குப் பதிலாக மறுபடி அரசின் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்கிற 243இ பிரிவு அரசியலமைப்பில் அலங்காரத்துக்கு இருக்கிறதுபோலும். தனி அலுவலர் காலத்தில் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவரும் வட்டார வளர்ச்சி அலுவலரே, ஊராட்சியை மேற்பார்ப்பவரும் அவரே. தலைவர் இல்லாத காலத்திலும் காலாவதியாகாமல் இருப்பது வாக்காளர்கள் கூடும் கிராம சபை ஒன்றுதான். அதன் ஏட்டையும் வெற்றுப் பக்கமாக வைத்திருந்தால் எப்படி? தேர்தல் தங்கள் கையில் இல்லை என்பது தெரியும். மன்னிக்கவும். ஏடு தங்கள் கையில் இருக்கிறது.

எழுதிய தீர்மானத்துக்கு எடை உண்டு என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2024 நவம்பரில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியில் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக மேலூர்ப் பகுதி கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. 2013-இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் தோண்டலாமா என்று கிராம சபைகளின் முடிவைக் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. அங்கே ஒருமனது உண்மையிலேயே ஒருமனது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பொருள் பேசி முடிந்ததும் அங்கேயே எழுதட்டும். “குடிநீர் வசதி செய்து தரத் தீர்மானிக்கப்பட்டது” என்று மொட்டையாக அல்ல; எந்தத் தெரு, என்ன வேலை, எவ்வளவு தொகை, எந்த நிதி, எந்தத் தேதிக்குள் என்று. எழுதியதை ஒலிபெருக்கியில் வாசிக்கட்டும். மாற்றுக் கருத்து இருந்தால் கை தூக்கச் சொல்லி எண்ணி, எதிர்ப்புக்கான காரணத்தை ஒரு வரி சேர்க்கட்டும். கடைசித் தீர்மானத்தின் கீழ் மிச்ச இடத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, தலைமை வகித்தவரும் பற்றாளரும் இரு தரப்பிலிருந்தும் இரண்டிரண்டு பேரும் கையெழுத்திடட்டும். கலைவதற்குள் அந்தப் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுக்க விடட்டும். மொத்தமாக அரை மணி நேரம் கூடுதலாகும்.

அக்டோபர் 2 கூட்டத்துக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை போகும். உறுதிமொழி, செயலியில் ஏற்ற வேண்டிய படங்கள் என்று அதில் நிறைய இருக்கும். அவற்றோடு, “வருகைக்குத் தனிப் பதிவேடு வைக்கவும், தீர்மானங்களை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் பெறவும்” என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெற்றுப் பக்கத்துக்குக் கையெழுத்திட்ட வாக்காளர்கள்