பேட்டரி மேல் மட்டும் பழி போடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

காரில் சாவியைத் திருகினால் எஞ்சின் கிளம்பாமல் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் பேட்டரியை மாற்றிவிடுங்கள் என்று ஞாயிறு வாகனப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அப்படித்தான் நானும் நல்ல பேட்டரி ஒன்றைப் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிட்டேன். புதியது பத்து நாள் ஒழுங்காக இருந்தது. அப்புறம் அதே 'டக்'.

நான் வீட்டு வயரிங் வேலை பார்க்கிறவன். லூஸ் கனெக்‌ஷன் தேடுவதுதான் பிழைப்பு. ஆனாலும் காரில் 12 வோல்ட்தானே என்று அலட்சியம். வீட்டு லைனில் 1.5 வோல்ட் குறைந்தால் பல்புக்குக்கூடத் தெரியாது; 12-இல் அது போனால் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் திணறிவிடும். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே அந்த 1.5 வோல்ட் சூடாகப் போய்விடும். ஹாரனும் லைட்டும் இழுப்பது கொஞ்சம் கரண்ட் என்பதால் அவை ஜோராக வேலை செய்யும். நான் ஏமாந்தது அங்கேதான்.

இரண்டாம் முறை வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்தேன். ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலும், மறுமுனையை செல்ஃப் மோட்டாரில் கேபிள் முடியும் போல்ட்டிலும் வைத்துக்கொண்டு, மனைவியை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். வழியில் இழக்கும் வோல்ட்டைத்தான் இது காட்டும்; அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டியது 1.4 காட்டியது. டெர்மினலுக்கும் அதைக் கவ்வும் கேபிள் கிளாம்புக்கும் நடுவே பார்த்தால் வெறும் 0.1. ஆக, பழுது கேபிளுக்குள். உறையைக் கீறினேன், செம்புக் கம்பி பச்சை பூத்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெளியே பார்க்க கேபிள் புத்தம்புதுசு!

கேபிளோடு கிளாம்பையும் மாற்றினேன். அதிலும் ஒரு சங்கதி: பாசிட்டிவ் டெர்மினல் நெகட்டிவைவிடச் சற்றுப் பருமன். கிளாம்ப் மாறிப்போனால் ஒன்று இறுகாது, இன்னொன்று இறங்காது. இறங்காததைச் சுத்தியலால் தட்டி இறக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டெர்மினலின் அடி விரிசல் விட்டு ஆசிட் கசியும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். இல்லாவிட்டால் பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டாலே தீப்பொறி பறக்கும்.

அடுத்த ஞாயிறு இந்த மீட்டர் சோதனைக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள், சார். நெகட்டிவை கார் பாடியோடு இணைக்கும் எர்த் கேபிளையும் சேர்த்து எழுதுங்கள். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
வயரிங் வேலை பார்க்கும் வாசகர்