குளக்கட்டில் இருக்கும் தெய்வங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சமயங்கள் யாவும் அச்சத்தில் பிறந்தவை என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அச்சம் மனிதர் எல்லோருக்கும் பொது. அப்படியென்றால் தெய்வங்கள் ஏன் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன? அதற்கு விடை தேடுபவர் இலங்கையின் வடக்கே காடும் குளமுமாயுள்ள எங்கள் வன்னிக்கு வரவேண்டும்.

இங்கே காட்டுக்குப் போகிறவரும் வயலில் இறங்குகிறவரும் பாம்புக்குப் பயந்தே கால் வைக்கிறார்கள். நாங்கள் புளியங்குளத்துக்கு அண்மையிலுள்ள புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்துப் பொங்குகிறோம். கத்தோலிக்கரோ காட்டிலுள்ள மடு மாதா கோவில் மண்ணை எடுத்துவந்து, விஷக்கடிக்குக் காவலென வீட்டில் வைத்திருக்கிறார்கள். சமயம் வேறாயினும் இரு சாராரும் ஒரே காட்டில் விறகு வெட்டித் தேன் எடுத்தவர்கள். மடு மாதா அந்தக் காட்டுக்கு வந்ததும் சமூக நெருக்கடியால்தான். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து மக்கள் தூக்கிவந்த சிலை அது.

குளக்கட்டு ஐயனாரையும் பாருங்கள். கட்டு உடைந்தால் ஊரே பட்டினி. ஆகவே காவல் தெய்வத்தைக் கட்டிலேயே இருத்தினார்கள். அநுராதபுரப் பக்கத்துச் சிங்கள விவசாயிகளும் அவரை அய்யநாயக்க என்ற பெயரில் குளத்தின் காவலராகவே வணங்குகிறார்கள். மதுரையை எரித்த கண்ணகிகூட, முல்லைத்தீவுப் பக்கத்து வற்றாப்பளைக் கோயிலின் கதையில், நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவியாக வந்து பொங்கல் கேட்கிறாள். எண்ணெய் இல்லையென்றதும் கடல்நீரில் விளக்கேற்றச் சொல்கிறாள். அரசன் முன் நீதி கேட்டவளை மேய்ச்சல்காரர் தங்கள் வீட்டு ஆச்சியாக்கிக்கொண்டார்கள்!

சமூகம் தெய்வத்தின் உருவில் தன்னையே வணங்குகிறது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டேர்க்கைம் 1912இல் வாதிட்டார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஐயனாருக்கு ஆண்டுதோறும் பொங்குகிறவன் நான். ஆனால் தெய்வத்துக்கு என்ன வேலை, எங்கே இருப்பிடம், என்ன படையல் என்பதை ஊரின் தொழிலும் வரலாறுமே வகுக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதனால்தான் ஒன்று மனத்தை வருத்துகிறது. மரத்தடியில் சூலமும் கல்லுமாக இருந்த கோயில்கள் சீமெந்துக் கட்டடங்களாகும்போது, ஊர்ப் பூசாரியாரின் முறைகளும் கைவிடப்படுகின்றன. குளம் திறப்பதற்கு முன் என்ன செய்தார்கள், புதிர் நெல்லை, அதாவது முதல் அறுவடை நெல்லை, யார் முதலில் கொண்டுவந்தார் என்பதெல்லாம் அந்த முதியவர்களின் நினைவில் மட்டுமே உண்டு. தங்கள் பத்திரிகை வாரம் ஒரு கிராமமாக அவர்களைச் சந்தித்து, அவர்கள் சொல்வதை அப்படியே வெளியிட வேண்டும். முள்ளியவளையிலிருந்து தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் வாசகர்