வேண்டாம் என்ற சொல்லுக்கு அப்புறம் என்ன நடக்கிறது? பள்ளிப் புத்தகத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புத்தகத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். பள்ளி நூலகத்துக்காக நான் அனுப்பியிருந்த பட்டியல் போன வாரம் திரும்பி வந்தது. துப்பறியும் கதைகள் அப்படியே இருக்கின்றன. பேய்க்கதைகள் இருக்கின்றன. முதல் அத்தியாயத்திலேயே நான்கு கொலை விழும் நாவல்கூட இருக்கிறது. காதல் கதை என்று நான் குறித்திருந்த 11 புத்தகங்கள் மட்டும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருக்கின்றன. ஓரத்தில் 'வயதுக்கு ஏற்றதல்ல' என்று எழுதியிருக்கிறீர்கள். பதினொன்றுக்கும் அதே குறிப்புதான்.

அந்தப் பதினொன்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் படித்திருக்கிறேன். நான் படிக்காத புத்தகத்தைப் பிள்ளைகளிடம் படி என்று கொடுப்பதில்லை. இதை உங்களுக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் இதே முடிவைப் பல பள்ளிகளில் எடுக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு கெடுதலும் வந்துவிடக் கூடாது என்று நினைத்து அடித்திருக்கிறீர்கள். எனக்கும் அதே பயம் உண்டு. அந்தப் பயத்தால்தான் இந்தப் புத்தகங்களைத் திரும்பக் கேட்கிறேன்.

ஒரு மதிய இடைவேளையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 14 வயது, புத்தகம் அடுக்க எனக்கு உதவிக்கொண்டிருந்தாள். அவள் பையிலிருந்து ஒரு புத்தகம் நழுவி விழுந்தது. வெளியே புவியியல் பாடநூலின் அட்டை, உள்ளே காதல் நாவல். யாரோ ஒரு அக்கா கொடுத்தது. பல கை மாறி, மூலையெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. அவள் முகம் வெளிறிவிட்டது. நான் திட்டவில்லை. "எந்த இடத்துல இருக்கே?" என்று கேட்டேன். மடித்து வைத்திருந்த பக்கத்தைக் காட்டினாள்.

அந்தப் பக்கத்தில் கதாநாயகன் நாயகியின் போனைப் பிடுங்குகிறான். கூடப் படிக்கிற ஒருவன் அனுப்பிய செய்தியைப் பார்க்கிறான். போனைச் சுவரில் அடித்து உடைக்கிறான். அவள் கையை விரல் பதியும்படி பிடித்து, 'நீ எனக்கு மட்டும்தான்' என்கிறான். அவள் அழுகிறாள். அப்புறம், என்மேல் இவனுக்கு இவ்வளவு ஆசையா என்று உருகுகிறாள். "அவன் ரொம்ப பொசசிவ் மிஸ்," என்றாள் என் மாணவி. அதை அவள் குறையாகச் சொல்லவில்லை.

அந்தப் புத்தகம் நம் பட்டியலில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்தும் அவள் பைக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் வேறு காதல் கதை எதுவும் இல்லை. அதனால் காதல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிக்கத் தெரிந்த பிள்ளை, கிடைத்ததைப் படித்திருக்கிறாள்.

நீங்கள் அடித்த பதினொன்றில் ஒன்றின் சொந்தப் பிரதி என்னிடம் இருந்தது. அதைக் கொடுத்தேன். பேச்சுப்போட்டி அணியில் இருக்கும் ஒரு பையனும் பெண்ணும் அதில் வருகிறார்கள். அவன் தன் மனதில் இருப்பதைச் சொல்கிறான். அவள், எனக்கு அப்படித் தோன்றவில்லை என்கிறாள். அன்று இரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை, எழுந்து உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறான். மறுநாள் வழக்கம்போலப் பயிற்சிக்கு வருகிறான், அவளுடைய உரையில் ஒரு வாதம் பலவீனமாக இருப்பதைச் சுட்டிக்காட்டுகிறான். அவ்வளவுதான் அந்த அத்தியாயம். மூன்று நாள் கழித்து என் மாணவி புத்தகத்தைத் திருப்பித் தந்தாள். "அடுத்த நாளே வந்து சாதாரணமா பேசினான் மிஸ்," என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அவனுக்கும் கஷ்டமாத்தான் இருந்திருக்கும் இல்ல?" என்றாள். பதின்வயதுக்காரர்களுக்குக் காதல் கதை எதற்கு என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

ஒரு கதையைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். கதையில் ஒருவர் 'வேண்டாம்' என்று சொன்னால், அதற்கு அப்புறம் என்ன நடக்கிறது? விடாமல் பின்னாலேயே போகிறானா? தோழிகளைத் தூது அனுப்பி நச்சரிக்கிறாளா? கையைக் கிழித்துக்கொண்டு படம் அனுப்புகிறார்களா? அப்படி நடந்தாலும் கதை அதை எப்படிப் பார்க்கிறது? தப்பு செய்பவர்கள் வராத நாவலே இல்லை. அந்தத் தப்புக்குக் கதை கைதட்டுகிறதா, அதனால் வலித்தவர் பக்கம் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். முத்தம் எத்தனை என்று எண்ணினால் இது தெரியாது. ஒரு முத்தம்கூட இல்லாமல், 300 பக்கமும் மிரட்டலாகவே போகும் காதல் கதைகளை நான் படித்திருக்கிறேன். மேலோட்டமாகப் புரட்டினால் 'சுத்தமான' கதை என்று அவை சுலபமாகத் தேறிவிடும்.

இந்த அளவுகோல் ஒன்றும் புதிதில்லை, தமிழுக்கு ரொம்பப் பழையது. காதலைப் பாடும் அகத்திணைகளைத் தொல்காப்பியர் ஏழாகப் பிரித்தார். நடுவில் இருக்கும் ஐந்தும் இருவரும் மனமொத்த அன்பு. கைக்கிளையும் பெருந்திணையும் இரண்டு ஓரங்களில் நிற்கின்றன. கைக்கிளைக்கு அவர் தரும் விளக்கத்தைப் பாருங்கள். காமம் இன்னதென்று அறியும் பருவம் வராத சின்னப் பெண்ணிடம் ஒருவன் ஏக்கத்தோடு பேசுகிறான். அவளிடமிருந்து பதிலே வரவில்லை. இருந்தும் தானே பேசிப் பேசித் தானே இன்பம் அடைகிறான். பெருந்திணையில் நான்கைச் சொல்கிறார்: மடல் ஏறுவது, இளமை கடந்த பின் வரும் பொருந்தாக் காதல், தெளிவை இழக்கும் அளவுக்கு முற்றிய ஆசை, ஆசை மிகுந்து வலுக்கட்டாயமாவது. மடல் ஏறுவது என்றால் பனை மடலால் செய்த குதிரையில் ஏறித் தெருவில் வந்து, தன்னை வருத்திக்கொண்டு, ஊரறிய அவளை நெருக்குவது. இன்றைக்கு அதற்குக் குதிரை தேவையில்லை, ஒரு ஸ்டேட்டஸ் போட்டால் போதும். கெட்டவனே நாயகனாக வரும், இன்று பிள்ளைகள் ரகசியமாகப் படிக்கும் 'ஆன்டி ஹீரோ' கதைகளில் பாதியை இந்த நான்கில் ஏதாவது ஒன்றுக்குள் வைத்துவிடலாம். கட்டாயக் கல்யாணம், கடத்தல், வயதில் ரொம்ப மூத்த முதலாளி, நீ இல்லையென்றால் செத்துவிடுவேன் என்ற மிரட்டல். இதையெல்லாம் ஐந்திணையோடு சேர்க்கக் கூடாது என்று இலக்கணம் எழுதிய மொழி நம்முடையது. பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசத்தைக் காட்ட வேண்டுமென்றால், நல்ல ஐந்திணைக் கதையும் அவர்கள் கைக்கு வர வேண்டும்.

குறுந்தொகையின் 401 பாடல்களும் அகப்பாடல்கள்தான். அதிலிருந்து தமிழ் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். திருக்குறளில் காமத்துப்பால் 25 அதிகாரம், 250 குறள். அதில் களவியலுக்கு 7 அதிகாரம், கற்பியலுக்கு 18 அதிகாரம். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பார்த்தது, மயங்கியது, சொன்னது எல்லாம் ஏழு அதிகாரத்தில் முடிந்துவிடுகிறது. பிரிந்து இருப்பதும் காத்திருப்பதும் கோபித்துக்கொள்வதும் சமாதானமாவதும் பதினெட்டு. கடைசி அதிகாரமே ஊடலில் இருக்கும் மகிழ்ச்சியைப் பற்றியது. பதின்வயதுக்காரர்களுக்கு நாவல் தேடும்போது நான் இதையும் பார்ப்பேன். இருவரும் மனதைத் திறந்து சொன்னதும் முற்றும் போட்டுவிடாமல், அதற்குப் பிறகும் நூறு பக்கம் போகிற கதையாக இருந்தால் உடனே எடுத்துவைப்பேன். முதல் சண்டை எப்படி வந்தது, யார் முதலில் மன்னிப்புக் கேட்டார்கள், காதல் வந்த பிறகு பழைய நட்புகள் என்ன ஆயின, தேர்வு நேரத்தில் எப்படிச் சமாளித்தார்கள் என்பதெல்லாம் அந்த நூறு பக்கத்தில்தான் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காதல் கூடாது என்று சொல்லும் உலகத்துப் பள்ளிகள் பலவற்றில் ரோமியோ ஜூலியட் பாடமாக இருக்கிறது. ஜூலியட்டுக்கு 14 வயதுகூட நிறையவில்லை. சந்தித்து ஐந்து நாளுக்குள் இருவரும் செத்துவிடுகிறார்கள். அது பெரிய நாடகம், அதைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒரே காதல் கதை சாவில் முடிவதாக இருந்தால், அது எனக்குக் கவலையாக இருக்கிறது. காதல் நாவல் என்ற வகைக்கு உள்ள எழுதப்படாத விதி, முடிவில் நம்பிக்கை இருக்க வேண்டும் என்பது. அதைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். முதல் முறை மனம் உடைந்த ஒரு 15 வயதுக் குழந்தையோடு உட்கார்ந்து பேசியவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். இருவரும் பிரிந்து, கொஞ்ச நாள் அழுது, அப்புறம் ஒரு நாள் பசிக்கிறது என்று எழுந்து சாப்பிடுகிற கதையும் எனக்கு நம்பிக்கையான முடிவுதான். பதினொன்றில் இரண்டு அப்படி முடிகின்றன.

உங்கள் பயத்தில் நியாயமான பகுதியும் உண்டு. இப்போது ஆங்கிலக் காதல் நாவல்கள் பலவற்றின் அட்டையில் கார்ட்டூன் மாதிரிப் படம் போடுகிறார்கள். பளிச்சென்ற நிறம், சிரிக்கும் இரண்டு முகம். பார்த்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கான கதை என்றே தோன்றும். உள்ளே முழுக்கப் பெரியவர்களுக்கு எழுதியதாக இருக்கும். 'நியூ அடல்ட்' என்று ஒரு வகை இருக்கிறது. 2009-ல் ஓர் அமெரிக்கப் பதிப்பகம் நடத்திய போட்டிக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த பெயர் அது. பள்ளி முடித்து, கல்லூரியிலோ முதல் வேலையிலோ இருப்பவர்களின் கதை. கடையிலும் இணையத்திலும் அது பதின்வயதுப் புத்தகங்களோடு கலந்து கிடக்கிறது. அட்டையைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துவிடுவோம். அட்டையை மட்டும் பார்த்து அடித்தாலும் அப்படித்தான். படித்துப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

பையன்களை மறந்துவிடாதீர்கள். காதல் கதை என்றால் பெண் பிள்ளைகளுக்கு என்று நாமே முடிவு செய்துவிட்டோம். போன வருடம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, "ஃபீலிங்ஸ் இருக்கற மாதிரி கதை ஏதாவது இருக்கா மிஸ்?" என்று கேட்டான். காதல் என்ற சொல்லை அவனால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு துப்பறியும் கதையைக் கொடுத்து அனுப்பினேன். அவன் திரும்பி வரவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. தன் பாலினத்தவரையே விரும்பும் பிள்ளைகளும், யார்மீதும் அப்படித் தோன்றாத பிள்ளைகளும் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். கேட்டு வாங்கும் தைரியம் அவர்களுக்கு இன்னும் குறைவு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 11 புத்தகங்களையும் உங்களுக்குள் பிரித்துக்கொண்டு படியுங்கள். ஒவ்வொன்றையும் குழுவிலிருந்து ஒருவரும் மேல்வகுப்பு மாணவர் ஒருவரும் படித்தால் நல்லது. மாணவர் கண்ணுக்குப் படுவது பல சமயம் நமக்குப் படாது. படித்த பிறகும் ஒரு புத்தகம் வேண்டாம் என்று தோன்றினால், எந்தப் பக்கம், ஏன் என்று எழுதுங்கள். நான் ஏற்றுக்கொள்வேன். என் பட்டியலில் ஒன்றிரண்டு தவறான தேர்வு இருக்கவும் கூடும். சேர்க்கும் புத்தகங்களுக்குள் ஒரு சீட்டு ஒட்டிவைக்கிறேன்: பிரிவு வருகிறது, அப்பாவின் மரணம் வருகிறது, முத்தக் காட்சி உண்டு என்று இரண்டு வரி. படிக்கலாமா, கொஞ்ச நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாமா என்று பிள்ளைகள் தாங்களே முடிவு செய்ய அது உதவும். அவற்றைப் பூட்டிய அலமாரியில் மட்டும் வைக்கச் சொல்லாதீர்கள். சாவி கேட்க வேண்டிய புத்தகத்தைக் கூச்சப்படுகிற பிள்ளை கேட்கவே கேட்காது. மறுபடியும் புவியியல் அட்டைக்குத்தான் போகும்.

பதினொன்றையும் பை ஒன்றில் போட்டு என் மேசைக்குக் கீழே வைத்திருக்கிறேன். வேலை நாட்களில் மாலை ஐந்து மணி வரை நூலகத்தில்தான் இருப்பேன், உங்களில் யார் வந்தாலும் எடுத்துத் தருகிறேன். அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. பட்டியல் அனுப்பியது அவளுக்குத் தெரியும். நேற்றும் வந்து, "நம்ம லிஸ்ட் என்ன ஆச்சு மிஸ்?" என்று கேட்டாள். சிவப்பு மை அடித்த தாளை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு பள்ளி நூலகர்