இண்டோர் டிரம்லைன், கலர் கார்ட்ல சேரணும்னு கேக்குற பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு

தென் கலிபோர்னியால இருக்குற நம்ம தமிழ் அப்பா அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

மார்ச்சிங் பேண்ட் சீசன் முடியுற நேரம், அக்டோபர் நவம்பர்ல ஹைஸ்கூல் பசங்க வீட்டுக்கு ஒரு ஃபார்ம் கொண்டு வருவாங்க, இண்டோர் பெர்கஷனுக்கும் விண்டர் கார்டுக்கும், அதாவது இண்டோர் டிரம்லைனுக்கும் கலர் கார்டுக்கும், ஆடிஷன்னு. அந்த ஃபார்ம் பத்திதான் இந்த மடல். பிள்ளை ஆசைப்பட்டா சேத்து விடுங்க, சேத்துட்டீங்கன்னா ஏப்ரல் வரைக்கும் நடுவுல நிறுத்தாதீங்க. இவ்ளோதான் நான் கேக்குறது, ஆனா ஏன் கேக்குறேன்னு கொஞ்சம் விலாவரியா சொல்லணும்.

பார்க்காதவங்களுக்காக சொல்றேன். குளிர்காலத்துல ஃபுட்பால் மைதானத்துக்குப் பதிலா பாஸ்கெட்பால் ஜிம்முக்குள்ள நடக்குற விஷயம் இது. 84 அடிக்கு 50 அடி கோர்ட், அது மேல பெயிண்ட் அடிச்ச பெரிய வினைல் தரை விரிப்பாங்க. டிரம்லைன்னா முன்னாடி மரிம்பா, வைப்ரஃபோன் மாதிரி குச்சியால தட்டி வாசிக்கிற பெரிய வாத்தியங்க, சிந்தசைசர் எல்லாம் வச்சு ஒரு கூட்டம், அதை பசங்க பிட்னு சொல்லுவாங்க, பின்னாடி ஸ்னேர், டெனர், பேஸ் டிரம் மாட்டிக்கிட்டு ஓடிக்கிட்டே வாசிக்கிற கூட்டம், அதுக்குப் பேர் பேட்டரி. கார்டுன்னா கொடி, மர ரைஃபிள், சேபர்ங்கிற வாள் இதெல்லாம் வச்சு டான்ஸ். நிறைய ஸ்கூல்ல ரெண்டும் தனித்தனி டீம், தனித்தனி ஷோ, ஆனா ஒரே பேண்ட் ரூம்லேர்ந்து வர்ற பசங்கதான். இந்தப் போட்டிகளை நடத்துற டபிள்யூஜிஐ (விண்டர் கார்ட் இன்டர்நேஷனல்) அமைப்பு 1977ல கார்டுக்காக ஆரம்பிச்சது, டிரம்லைனுக்கு சாம்பியன்ஷிப் 1993லதான் வந்துச்சு, ஏப்ரல்ல ஓஹையோ டேட்டன்ல ஃபைனல்ஸ். நம்ம பக்கத்துல அயாலா, ஆர்கேடியா, சினோ ஹில்ஸ்னு அங்க பெரிய பேர் வாங்கின ஸ்கூல்ங்க இருக்கு, அதனால இங்க சாதாரண லோக்கல் ஷோ பாக்கப் போனாலே தரம் தெரியும்.

இப்ப எனக்கு ரொம்ப நாளா உறுத்துற விஷயத்துக்கு வர்றேன். டிரம்லைன்னா நம்மாளுங்க யோசிக்காம சைன் பண்றாங்க, கார்டுன்னா முகம் மாறுது. "கொடி ஆட்டுறதுக்கா போற?"ன்னு பொண்ணுங்கள கேக்குறாங்க, பையன் கேட்டா பேச்சே கிடையாது. அரங்கேற்றத்துக்கு ஹால் புக் பண்ணி, ஊர்லேர்ந்து புடவை நகை வரவழைச்சு, வருஷக்கணக்கா சனிக்கிழமை சனிக்கிழமையா காரை ஓட்டிட்டுப் போன அதே அம்மா அப்பாதான் கேக்குறாங்க, அதான் தாங்கல. 6 அடி கம்புல கட்டின கொடியை மேல தூக்கிப் போட்டு, அது சுத்துற கணக்கு மனசுல ஓடிக்கிட்டு இருக்கும்போதே கீழ ஒரு திருப்பம் ஆடி, பக்கத்துல ஆடுற அத்தனை பேரும் பிடிக்கிற அதே நொடியில பிடிக்கணும். பரதம் கத்துக்கிட்ட பிள்ளைங்களுக்கு தாளக் கணக்கும் உடம்பு கட்டுப்பாடும் ஏற்கெனவே இருக்கு, ஆனா இங்க பாலே அடிப்படை, முதுகும் தோளும் வேற மாதிரி வேலை செய்யணும், முதல் மாசம் கஷ்டமா இருக்கும், அப்புறம் பறக்குதுங்க. ரைஃபிள்னதும் பயந்துடாதீங்க, அது வெறும் மரக்கட்டை, சுடுற சமாச்சாரம் எதுவும் அதுல கிடையாது, கையில நீலம் பாயும் அவ்ளோதான், ஐஸ் பேக் வாங்கி வைங்க.

அடுத்தது நடுவுல நிறுத்துறது. போன சீசன்ல மூணாவது பேஸ் டிரம் வாசிச்ச பையனை எஸ்ஏடிங்கிற காலேஜ் அட்மிஷன் பரீட்சை கிளாஸுக்காக பிப்ரவரில வீட்டுல நிறுத்திட்டாங்க. பேஸ் லைன் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா அப்படி செஞ்சிருக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். அஞ்சு பேர், அஞ்சு சைஸ் டிரம், ஆளுக்கு ஒரு சுரம். வேகமா ஒரு ஓட்டம் வந்தா முதல் ஆள் ஒரு அடி, அடுத்த ஆள் ஒரு அடின்னு பிரிச்சு வாசிப்பாங்க, கேக்குறவங்களுக்கு ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி இருக்கும். நடுவுல ஒருத்தன் இல்லன்னா அந்த இடத்துல ஓட்டை, மூடவே முடியாது. பசங்க தரையில எங்க நிக்கணும், எங்க நகரணும்ங்கிற திட்டத்தையும் (டிரில்) அப்படித்தான் போட்டிருப்பாங்க, ஒவ்வொரு ஆளுக்கும் தரையில ஒரு டாட், ஒருத்தர் போனா கோலத்துல ஒரு புள்ளி போன மாதிரி சுத்தி இருக்குற இழை எல்லாம் மாத்தணும். இங்க பெஞ்சுல உக்காந்து காத்துக்கிட்டு இருக்குற பிளேயர் கிடையாது. மிச்ச நாலு பசங்க ஷோவுக்கு முந்தின ராத்திரி வரைக்கும் நோட்ஸ் மாத்தி எழுதினதை நான் பார்த்தேன், அந்தப் பையன் பேண்ட் ரூம் பக்கமே வர்றதில்லை இப்போ, அவனுக்கும் அது வலிக்குது.

பணம். நிறைய பேர் வெளிய சொல்லாத காரணம் இதுதான்னு எனக்குத் தெரியும். 1984ல ஹார்ட்செல் வழக்குல கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிருக்கு, பப்ளிக் ஸ்கூல் நடத்துற மியூசிக், நாடகம், விளையாட்டு இதுக்கெல்லாம் கிளாஸ் நேரத்துக்கு வெளிய இருந்தாலும் கட்டாய ஃபீஸ் வாங்கக் கூடாதுன்னு. 2012ல ஏபி 1575ன்னு சட்டமும் போட்டு, புகார் குடுக்க வழியும் வச்சாங்க. டொனேஷன் கேக்கலாம், குடுக்கலன்னா பிள்ளையை வெளிய அனுப்பக் கூடாது. அதுக்காக முடிஞ்சவங்க கையை மடக்கிடாதீங்க, அந்த தரை, காஸ்ட்யூம், கொடித் துணி, சொல்லிக் குடுக்குற ஸ்டாஃப் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் பூஸ்டர்ஸ்ங்கிற பெற்றோர் குழு திரட்டுற காசுலதான் நடக்குது. காசு முடியலன்னா ஒரு சனிக்கிழமை வந்து மரிம்பா தள்ளுங்க, துணி தைங்க, அதுக்கு ஆளே பத்தல.

இன்னொண்ணு, காது. மூடின ஜிம்முல டிரம் சத்தம் 100 டெசிபலை சாதாரணமா தாண்டும், அந்த அளவுக்கு ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான் பாதுகாப்புன்னு நியாஷ்ங்கிற அமெரிக்க அரசு வேலையிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தோட கணக்கு. பிராக்டிஸ் மணிக்கணக்கா போகுது. மியூசிஷியன் இயர்பிளக் வாங்கிக் குடுங்க, ஸ்டாஃப்கிட்டயும் கட்டாயமாக்கச் சொல்லிக் கேளுங்க, மத்த எதுக்கு யோசிச்சாலும் இதுக்கு யோசிக்காதீங்க.

மிருதங்கம் வாசிக்கிற பசங்க இருந்தா தாராளமா அனுப்புங்க, லயம் கையில இருக்கு, ஷீட் மியூசிக் படிக்கிறதை மட்டும் டிசம்பருக்குள்ள தேத்திக்கணும். எதுவுமே தெரியாத பிள்ளையும் கார்ட் ஆடிஷனுக்குப் போகலாம், பெரும்பாலும் முதல் வாரம் அடிப்படைலேர்ந்துதான் சொல்லிக் குடுப்பாங்க.

சைன் பண்றதுக்கு முன்னாடி டைரக்டர்கிட்ட முழு காலண்டரையும் வாங்கிடுங்க. ஜனவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் ஷோ, கேம்ப் எல்லாத்தையும் முதல்ல போன்ல பிளாக் பண்ணுங்க, எஸ்ஏடி கிளாஸ், ஊர்ப் பயணம், அத்தை வீட்டு விசேஷம் எல்லாம் மிச்சம் இருக்குற தேதியில வைங்க. முடியாதுன்னு தோணினா நவம்பர்லயே சொல்லிடுங்க, அந்த டாட்டுக்குக் காத்துக்கிட்டு வேற ஒரு பிள்ளை இருக்கும்.