ஓனர் ரோல் வேண்டாம், உரிய ரோல் கொடுங்கள்

மதிப்பிற்குரிய கிளவுட் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். டெப்ளாய்மென்ட் (ஆப்களைக் கிளவுடில் ஏற்றுவது) தாமதமாகிறது என்ற புகாருக்குத் தீர்வாக, டீம் லீட் எல்லோருக்கும் மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில், சப்ஸ்கிரிப்ஷன் (ரிசோர்ஸ்கள் எல்லாம் அடங்கிய கணக்கு) அளவில் ஓனர் ரோல் (முழு அதிகாரம் தரும் அனுமதி) தரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். நாங்கள் கேட்டது அதுவல்ல.

சிக்கல் எங்கே என்று உங்களுக்குத் தெரியும். கான்ட்ரிபியூட்டர் ரோலை (ரிசோர்ஸ்களை உருவாக்கவும் மாற்றவும் விடும், பிறருக்கு ரோல் தர விடாத அனுமதி) வைத்து ஆப் சர்வீஸ் (ஆப்பை ஓடவைக்கும் அஸூர் சேவை) உருவாக்கலாம், அதற்கு மேனேஜ்டு ஐடென்டிட்டியும் (கடவுச்சொல் இல்லாமல் ஆப் தன்னை அடையாளம் காட்டும் வழி) போடலாம். அந்த ஐடென்டிட்டிக்கு ஸ்டோரேஜைப் படிக்கும் ரோலை ஒதுக்க மட்டும் முடியாது. டெப்ளாய்மென்டைத் தானாகச் செய்யும் பைப்லைன் பாதியில் நிற்கும். டிக்கெட் போட்டுவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரோல் ஒதுக்கிய பிறகும் அமலுக்கு வர 10 நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் 403 (அனுமதி மறுப்பு) பிழை வந்தால், ரோல் போதவில்லை என்று நினைத்து இன்னும் பெரிய ரோலைக் கொடுத்துவிடுகிறார்கள்.

ரிலீஸ் தேதி நெருங்கியவர் காத்திருக்க மாட்டார். கான்ட்ரிபியூட்டரால் ஸ்டோரேஜ் அக்கவுண்டின் கீயை (கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவி) எடுக்க முடியும். எடுத்து ஆப்பின் கான்ஃபிக்கில் ஒட்டிவிடுவார். அந்தக் கீ இருந்தால் அக்கவுண்டில் உள்ள எல்லா கன்டெய்னரையும் (கோப்புகள் இருக்கும் பிரிவு) படிக்கலாம், அழிக்கலாம். கீ பயன்பட்டது என்று லாகில் இருக்கும். பயன்படுத்தியவர் பெயர் இருக்காது. ஒரே ஒரு கன்டெய்னரைப் படிக்க அனுமதி கேட்டவரை இந்த நடைமுறைதான் இங்கே கொண்டுவந்து விடுகிறது.

ஓனர் ரோல் இதைச் சரிசெய்யாது. தவறுதலாக அழிப்பதைத் தடுக்கும் டெலீட் லாக்கை ஓனர் நீக்கலாம், யாருக்கும் எந்த ரோலும் தரலாம். சப்ஸ்கிரிப்ஷனில் கொடுத்தால் உள்ளே இருக்கும் எல்லா ரிசோர்ஸ் குரூப்புக்கும் (ரிசோர்ஸ்களின் தொகுப்பு) அது இறங்கும். கீழே ரீடர் ரோல் (பார்க்க மட்டும் விடுவது) போட்டாலும் குறையாது. சப்ஸ்கிரிப்ஷனுக்கு அதிகபட்சம் 3 ஓனர்கள் போதும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

நாங்கள் கேட்பது இதுதான். ஒவ்வொரு குழுவின் பைப்லைனுக்கும், அதன் ரிசோர்ஸ் குரூப் அளவில் மட்டும், 'ரோல் பேஸ்டு ஆக்சஸ் கன்ட்ரோல் அட்மினிஸ்ட்ரேட்டர்' ரோலை (பிறருக்கு ரோல் ஒதுக்கும் அனுமதி) கண்டிஷனோடு கொடுங்கள். ஸ்டோரேஜ் பிளாப் டேட்டா ரீடர் (ஸ்டோரேஜைப் படிக்க), கீ வால்ட் சீக்ரெட்ஸ் யூசர் (சேமித்த ரகசியங்களைப் படிக்க) ஆகிய 2 ரோல்களை மட்டும், அதுவும் சர்வீஸ் பிரின்சிபலுக்கு (ஆளுக்கு அல்லாமல் ஆப்புக்கான அடையாளம்; மேனேஜ்டு ஐடென்டிட்டியும் இதில் அடங்கும்) மட்டும் ஒதுக்கலாம் என்று அந்தக் கண்டிஷனில் கட்டிவிடுங்கள். பழைய ஆப்களை மாற்றி முடித்ததும் ஷேர்டு கீ அணுகலை (மேலே சொன்ன ஸ்டோரேஜ் கீயை வைத்து நுழைவதை) அடைத்துவிடலாம்.

வேலையை விட்டுப் போனவர்களின் ரோல்கள் 'ஐடென்டிட்டி நாட் ஃபவுண்ட்' என்று இன்னமும் பட்டியலில் கிடக்கின்றன. குரூப்புக்குக் கொடுக்க வேண்டியதைத் தனித்தனி ஆளுக்குக் கொடுத்ததன் விளைவு அது. எத்தனை முறை சொன்னாலும் ஆடிட் வரும்போதுதான் யாராவது பார்க்கிறார்கள். அதையும் பேசியே ஆக வேண்டும்.

ஆனால் முதலில் ஓனர் ஒதுக்கீட்டை நிறுத்திவையுங்கள். கண்டிஷனோடு கூடிய ரோலை ஒரே ஒரு ரிசோர்ஸ் குரூப்பில் சோதித்துப் பார்க்க அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அப்ளிகேஷன் குழுவினர்